சயனைடு மண் கரை

— சுத்தியலக் கீழ போடுங்க தாமோதரண்ணா! நீங்க இங்க ஆப்பு அடிக்க அடிக்க, அங்க எங்க லைன் ஊடுங்களுக்குப் பின்னாடி கால்வாயில சாம்பத் தண்ணி வருது.

— இந்த மழையில எதுக்கு மேல ஏறி வந்த, எல்லம்மா? போ. ஊட்டுக்குள்ள போயி குந்து. கரைன்னா வேர்க்கத்தான் செய்யும்.

— வேர்வையா இது? இத்தினி வருஷமா கசிஞ்சது வேர்வை. தெளிஞ்ச தண்ணி. அதுல துணி கூட அலசியிருக்கன். இன்னிக்குக் காலைலருந்து வர்றது வேற. கையில அள்ளினா நரநரன்னு மண்ணு. எந்த மண்ணுன்னு எனக்குத் தெரியாதா? சயனைடு மேட்டு மண்ணு. உங்க கரை மண்ணு. உங்க கரை உள்ளயே கரைஞ்சி எங்க கால்வாயில போய்க்கினு இக்குது.

— சயனைடு மேட்டு மண்ணுன்னா இன்னா இப்ப? மைசூர் மைன்ஸ்ல எவன் அள்ளல? உன் ஊட்டுச் சுவரு எதுல பூசினது? உன் மாமியா அடுப்பு எதுல போட்டது? தங்கத்த எடுத்துகினு சக்கையக் கொட்டிட்டுப் போனான். மலையாட்டம் சும்மா கெடந்துது. டிராக்டர்ல அள்ளினன், ஓடைக்குக் குறுக்க கரை போட்டன். என் நிலம், என் கரை.

— என் சுவரு ஏரியத் தாங்கலியே அண்ணா.

— பேசாத. அந்தக் கட்டைய எடு. அது இல்ல, கூர் சீவினது. அதுக்கு மேல சாக்கச் சுத்து. இறுக்கமா. மைன்ல மரம் முட்டுக் குடுத்த டிம்பர்மேன் நானு, எனக்குத் தண்ணி சொல்லித் தர்றியா? அண்டர்கிரவுண்டுல பாறையப் பொத்துகினு பீச்சும். மூஞ்சில அடிக்கும், கண்ணு தெரியாது. ஓட முடியுமா? எங்க ஓடறது? சவுக்கு ஆப்பு சீவி, சாக்கு சுத்தி, ஓங்கி நாலு அடி. நின்னுடும். உன் ஊட்டுக்காரன் வேலு தான் ஆப்பு புடிப்பான். நான் அடிப்பன். ஒரு நாளும் அவன் கை மேல அடி விழுந்ததில்ல.

— அவரு இருந்திருந்தா இன்னிக்கு உங்க கையப் புடிச்சி நிறுத்தியிருப்பாரு.

— நீ வேணா புடியேன். தள்ளு... ஹும்... ஹும்... பாரு. இப்பப் பாரு. ஒரு சொட்டு வருதா? வாயத் தெறந்து சொல்லு. வருதா?

— வரல.

— அப்பறம் இன்னா? போ. போயி சோறு ஆக்கு.

— அண்ணா.

— இன்னும் இன்னா?

— உங்களுக்குப் பின்னாடி. அந்த நொச்சிப் புதருக்குக் கீழ.

— இன்னா அங்க?

— தோ, காலாண்ட! தரையிலருந்து மண்ணு பொங்கிப் பொங்கி வருது. உலை கொதிக்கற மாதிரி.

— எங்க... இது இல்லியே. காலைல இது இல்லியே.

— நீங்க அங்க அடைச்சீங்க. அது இங்க வழி பண்ணிக்கிச்சு.

— சும்மா இரு. இன்னொரு ஆப்பு குடு.

— இதையும் அடைச்சா அது அப்பறம் எங்க வரும்? என் ஊட்டு வாசல்ல வந்து வழி கேக்குமா?

— குடுன்னா குடு!

— குடுத்துட்டன். அடிங்க. இன்னா, அடிக்கலியா?

— அடிச்சா நிக்கல. ஆப்பு அப்படியே உள்ள போயிடுச்சி.

— முழுசாவா?

— கைய வெச்சா கையும் போகுது. பாரு, முழங்கை வரைக்கும். உள்ள பொள்ளலா இக்குது, எல்லம்மா. பாறையில ஒரு ஓட்டைய அடைச்சா பாறை நிக்கும். இது மாவு. இது நிக்காது.

— தேவுடா.

— லைனைக் காலி பண்ணு.

— இன்னா சொன்னீங்க?

— லைன்ல ஒருத்தர் இருக்கக் கூடாது. கெழம், கொழந்த, ஆடு, எல்லாத்தையும் கோயில் மேட்டுக்கு ஏத்து. இப்பவே.

— நல்லா இக்குது. காலைலருந்து நான் கத்தறன், வேர்வைன்னீங்க. போன வருஷம் கத்தினன், பொம்பளைக்கு இன்னா தெரியும்னீங்க. அதுக்கு முந்தின வருஷம் கரை மேல ஏறினாலே நாய அவுத்து விடுவேன்னீங்க. இப்ப ஓடுங்கறீங்க.

— திட்டறத அப்பறம் திட்டு. நான் எங்கயும் போகல. இப்ப ஓடு.

— ஓடிப் போயி சொன்னா ஏறிடுவாங்களா? எங்க லைன்ல வந்து காலி பண்ணு, காலி பண்ணுன்னு எத்தினி பேரு சொல்லியாச்சி! சுவரு வெடிச்சிருக்கு, ஒரு வாரம் வெளிய இருங்கன்னான் ஒருத்தன். நம்பிப் பூட்டிகினு போனவங்க திரும்பி வந்தா கதவுல வேற பூட்டு தொங்குது. அதுலருந்து எங்க லைன்ல சாவுக்குக் கூட எல்லாரும் ஒண்ணாப் போறதில்ல. ஊட்டுக்கு ஒருத்தர் காவலுக்கு நிக்கறாங்க.

— அது வேற, இது வேற.

— உங்களுக்கு வேற. அவங்களுக்கு எல்லாம் ஒண்ணு தான். போன மாசம் உங்க புள்ள விநாயக்கு பெங்களூர்லருந்து ஆளுங்களக் கூட்டியாந்து இந்தக் கரை மேல நின்னுகினு, எங்க லைனப் பார்த்துக் கைய நீட்டி நீட்டிப் பேசினான். எல்லாரும் பார்த்துகினு தான் இருந்தாங்க. இப்ப தாமோதரன் கரை ஒடையப் போகுதுன்னு நான் போயி சொன்னா, எல்லம்மாவையும் வாங்கிட்டாங்கன்னு தான் சொல்வாங்க.

— நீயும் அப்படித்தான் நெனைக்கறியா?

— நான் எவனையும் நம்பல. உங்களையும் நம்பல. தோ, இந்தப் பொங்கற மண்ண மட்டும் நம்பறன்.

— அது போதும். மருமவளுக்கு ஃபோனப் போடு.

— இருங்க, கை ஈரம்... ஹலோ, பவ்யா? நான் தான். கரையாண்ட இக்கறன். கொழந்தயத் தூக்கிகினு கோயில் மேட்டுக்கு ஏறு. ஏன் எதுக்குன்னு கேக்காத. அடுப்பு மேல கொழம்பு இருந்தா இருக்கட்டும், எறக்கி வெச்சிட்டு ஏறு. லைன்ல எல்லாருக்கும் சொல்லு. மொதல்ல பாக்கியவதி அக்கா கிட்ட சொல்லு, அவங்க எழுந்தா லைனு எழுந்துக்கும்... இன்னா? ... சண்டைக்கு வந்தா வரட்டும்டி. சண்டைய மேல கோயில்ல வெச்சிக்கலாம்னு சொல்லு.

— இன்னா சொல்றா?

— பாக்கியவதி அக்கா வாசப்படியில குந்திட்டாங்களாம். இது தாமோதரன் வேலை, உசிரு போனாலும் இந்த ஊட்டுக்குள்ள தான் போகும்னு. அவங்களப் பார்த்து மத்தவங்களும் கதவச் சாத்திகினாங்களாம்.

— குடு இப்படி ஃபோன. நான் பேசறன்.

— நீங்க பேசினா கோயிலுக்கு ஏறறவளும் எறங்கிடுவா. சும்மா இருங்க. பவ்யா, கேளு. தாமோதரன் பயந்துட்டான்னு சொல்லு. ஆமா, பயந்துட்டான். எங்க அத்த கண்ணால பார்த்தாங்க, அவன் கை நடுங்குதுன்னு சொல்லு. அந்த வார்த்தைய மட்டும் சொல்லு.

— என் கை நடுங்கல.

— நடுங்குது அண்ணா. குனிஞ்சி பாருங்க.

— குளுருக்கு.

— சரி, குளுருக்கு. அவங்களுக்குப் பயத்துக்குன்னே இருக்கட்டும்.

— நைனா! நைனா! எங்க இருக்கீங்க?

— கீழ இக்கறன்! டேய் விநாயக்கு, கரை மேல நடக்காத! ஓரமா எறங்கி வா! மதகு இன்னா ஆச்சி?

— தெறக்கல நைனா. திருகு சுத்தவே மாட்டேங்குது. நானும் டிராக்டர் ஓட்டற ராகேஷும் கடப்பாரை போட்டு நெம்பினோம், ராடு ஒடைஞ்சி கையோட வந்துடுச்சி. ஃபுல் ரஸ்ட்.

— வருஷா வருஷம் கிரீஸ் போடுன்னு சொன்னனே.

— எப்ப சொன்னீங்க? மதகத் தொட்டா கைய ஒடிப்பேன்னு தான் சொன்னீங்க. ஒருவாட்டி தெறந்தா மூடாது, தண்ணி போயிடும்னு.

— கோடி? தண்ணி வழியற எடம் எப்படி இக்குது?

— மீன் தப்பாம இருக்க வலை கட்டியிருந்தோம் இல்ல, அதுல பாசி, பிளாஸ்டிக், செத்த மரம், எல்லாம் வந்து அடைச்சிருந்தது. அறுத்து எறிஞ்சிட்டேன்.

— மூட்டைங்க?

— அதையும் எடுத்துட்டேன் நைனா.

— எந்த மூட்டைங்க? தண்ணி போற எடத்துல எதுக்கு மூட்டை?

— அது வந்து, அத்தை...

— சொல்லுடா. கேக்கறாங்க இல்ல.

— மணல் மூட்டை அத்தை. கொஞ்சம் ஜாஸ்தி தண்ணி நின்னா பார்க்க நல்லா இருக்கும்னு... பெங்களூர் பார்ட்டி வந்தாங்க இல்ல, அவங்களுக்கு லேக் வியூ வேணும். கரை ஓரமா காட்டேஜ் கட்டணும்னாங்க. சும்னே, சும்மா ஒரு சீசனுக்கு அடுக்கினேன். லைனப் பத்தி நாங்க பேசவே இல்ல, தேவராணே, சத்தியமா.

— அவங்க குந்திகினு வேடிக்கை பார்க்க, எங்க தலைக்கு மேல தண்ணிய ஏத்தி வெச்சியா?

— அவன அப்பறமா அடி. நானே புடிச்சித் தரன். டேய், மூட்டை எடுத்தப்பறம் எவ்வளவு போகுது?

— போகுது, ஆனா மேலருந்து வர்றது அத விட ஜாஸ்தி. ஓடை ரெண்டு பக்கமும் தளும்பிகினு வருது. தண்ணி ஏறிகினே தான் இருக்கு. கரை விளிம்புக்கு ஒரு ஜாண் கூட இல்ல.

— ஜேசிபி?

— நந்திதுர்க் பக்கம் ஒண்ணு நிக்குதாம். ஆனா அடிப்பாலத்துல தண்ணி, வண்டி இந்தாண்ட வர முடியாது. ஃபயர் வண்டியும் பாலத்துக்கு அந்தாண்ட தான் நிக்குது. ராகேஷ் அங்க ஓடியிருக்கான்.

— அப்ப நாம தான்.

— நாம மூணு பேரு இன்னா பண்ண முடியும் அண்ணா? ஒரு மம்பட்டியும் ஒரு கடப்பாரையும் வெச்சிகினு?

— வெட்டிடலாம்.

— எத்த?

— கரைய.

— நைனா!

— கத்தாத. இது தானா ஒடைஞ்சா நடுவுல ஒடையும். தோ, இந்தப் பொங்கற எடத்துல. மொத்தத் தண்ணியும் ஒரே மூச்சுல லைன் மேல விழும். மேற்கு மூலையில நாம வெட்டினா அங்க அடியில பாறை இக்குது. பாறை வரைக்கும் அரிக்கும், அதுக்கு மேல அரிக்காது. அளவாப் போகும்.

— போயி? எந்த மூலையில வெட்டினாலும் தண்ணி கீழ தானே வரும்? கீழ இருக்கறது நாங்க தானே?

— வராது. அந்த மூலையிலருந்து கூப்பிடற தூரத்துல சின்ன சாஃப்ட்டு இக்குது இல்ல? வாய்க்கால் இழுத்து நேரா அதுக்குள்ள விடறோம்.

— சாஃப்ட்டுக்குள்ளயா?

— பின்ன? நாங்க எறங்கின குழி அது. கேஜ்ல ஏறினா காது அடைக்க அடைக்க எறங்குவோம். ஒரு லெவலு, அதுக்குக் கீழ ஒரு லெவலு, அதுக்கும் கீழ இன்னொண்ணு. ஒவ்வொரு லெவல்லயும் மாரிகுப்பம் வரைக்கும் உள்ளயே நடக்கலாம். இந்தத் தண்ணி அதுக்கு ஒரு வாய் காபி. குடிச்சிட்டு இன்னும் இக்குதான்னு கேக்கும்.

— ஆனா நைனா, சாஃப்ட்டு வாயிலருந்து பழைய டிராலி பாதை நேரா லைனுக்குத் தான் எறங்குது. தண்ணி அந்தப் பக்கம் திரும்பிச்சின்னா?

— குழிக்குள்ள விழற தண்ணி எப்படிடா பாதையில திரும்பும்? குழிக்குத் தெரியும் எத்த முழுங்கணும்னு. எத்தினி பேர முழுங்கியிருக்கு.

— வாயச் சுத்தி சுவரு கட்டியிருக்காங்களே அண்ணா.

— ஒத்தக்கல் சுவரு. ஆடு விழாம இருக்கக் கட்டினது. விநாயக்கு, கடப்பாரைய எடுத்துகினு ஓடு. நம்ம பக்கம் அடியோட இடிச்சி வழி விடு. எல்லம்மா, நீ லைனுக்குப் போ.

— நான் போகல. மம்பட்டிய குடுங்க.

— உன்னால ஆகாது.

— கரை உங்களுது. சாவறதுன்னா எங்க லைனு. இப்படி குடுங்க.

— புடி. இங்க வெட்டு. அகலமா வேணாம், ஆழமா. மண்ண அந்தாண்ட தள்ளு... பாரு, எவ்வளவு சுளுவா வெட்டுப்படுது. கல்லு மாதிரி கட்டினன்னு நெனைச்சிகினு இருந்தன்.

— மூச்ச வெட்டறதுக்கு வைங்க அண்ணா.

— மைன மூடினப்ப எல்லாரும் பெங்களூருக்கு ரயில் ஏறினாங்க. காலைல போயி ராத்திரி வர்ற பொழப்பு. நான் ஏறல. பூமிக்குள்ளருந்து எடுத்து எடுத்து எவனுக்கோ குடுத்தோம், மேல நமக்குன்னு ஒரு வாய் தண்ணி நிக்கட்டும்னு இத்தப் போட்டன். மொத மழைக்கு ரொம்பிச்சி பாரு, அன்னிக்கு ராத்திரி பூரா இங்கயே படுத்திருந்தன்.

— தெரியும். அவரும் கூட வந்து படுத்திருக்கணும்னு அன்னிக்கு நான் அழுதன். வெட்டுங்க.

— நைனா! சுவரு இடிச்சாச்சி! ஒரு நிமிஷம் இங்க வாங்க!

— இன்னாடா? பெரிய சுவரா அது?

— உள்ள ஒண்ணும் தெரியல. முள்ளுச் செடி மூடியிருக்கு, அதுக்குக் கீழ இருட்டு. எவ்வளவு ஆழம் காலியா இருக்குன்னு ஒரு கல்லு போட்டுப் பார்த்துடறேன்.

— டேய்! போடாத! கைய எடு!

— எதுக்கு நைனா இப்படிக் கத்தறீங்க?

— கல்லக் கீழ வை. சாஃப்ட்டுக்குள்ள துரும்பு போடக் கூடாது. மொத ஷிஃப்டுல மொத வார்த்த அது தான். அணைச்ச பீடியக் கூட உள்ள போட மாட்டோம்.

— மைன் மூடி, தண்ணி எறைக்கற பம்ப நிறுத்தி எத்தனை வருஷம் ஆய்த்து! கீழ யாரு இருக்காங்க?

— யாரும் இல்ல. தெரியும். கல்லக் கீழ வை.

— அத்தை, நீங்களாவது சொல்லுங்க.

— கல்லு வேணாம் தம்பி.

— நீங்களுமா?

— உங்க வேலு மாமா தலையில இன்னா விழுந்ததுன்னு நெனைக்கற? பாறையா? போல்ட்டு. சுண்டு விரல் அளவு போல்ட்டு. மேல எவனோ கை தவறி விட்டுட்டான். கீழ போயி சேர்றதுக்குள்ள அது துப்பாக்கிக் குண்டாயிடுச்சி. தொப்பியப் பொத்துகினு போச்சி. இதுக்குள்ள கல்லு விழற சத்தத்த நான் கேக்க மாட்டேன்.

— கல்லு போடக் கூடாது. ஏரியையே ஊத்தலாமா?

— தண்ணி எறங்கினா ஆளு ஏணியப் புடிச்சி ஏறிடுவான். கல்லு எறங்கினா ஏற முடியாது. இப்ப அத்த வெச்சிட்டு வரியா, இல்ல நான் வந்து அறையட்டுமா?

— வெச்சிட்டேன் நைனா. வெச்சிட்டேன். ஸாரி அத்தை.

— வா, வந்து இந்த மண்ணத் தள்ளு. அத்த வாங்கு எல்லம்மா கையிலருந்து, அவளுக்கு மூச்சு வாங்குது.

— எனக்கு ஒண்ணும் இல்ல. ஃபோனு அடிக்குது, எடுக்கறன். ஹலோ... சொல்லுடி... ஏறிட்டாங்களா? எல்லாருமா? ... பாக்கியவதி அக்காவா? ... அய்யய்யோ, சிரிக்க வெக்காதடி இந்த நேரத்துல.

— இன்னா?

— உங்க கை நடுங்குதுன்னதும் சாத்தின கதவெல்லாம் தெறந்துச்சாம். அப்பறம் அவங்கவங்க சாமான எடுத்துகினு நடந்துட்டாங்க. பாக்கியவதி அக்கா மட்டும் எழுந்துக்கல. நாலு பேரு நாற்காலியோட தூக்கினு போயிட்டாங்களாம். சாமி ஊர்வலமாட்டம். வழி பூரா உங்கள தான் திட்டிகினு போறாங்களாம்.

— திட்டட்டும். திட்டறவங்க உசிரோட இருப்பாங்க.

— காவலுக்குக் கூட ஒருத்தர் இல்லாம எங்க லைனு மொத்தமும் காலி. இப்படி நான் பார்த்ததே இல்ல.

— விநாயக்கு, போதும், வெளிய வா. மீதி இருக்கற வரப்ப நான் குத்தறன். எல்லம்மா, ஒதுங்கு. இன்னும் தள்ளி. கால வாரிகினு போயிடும்.

— நைனா, நான் குத்தறேன்.

— நான் போட்ட கரை. நான் தான்.

— குத்துங்க அண்ணா. யோசிக்காதீங்க.

— ஹும்... ஹும்... எடுத்துக்கோ.

— வருது! நைனா, ஓடி வாங்க! வருது!

— எப்படிப் போகுது பாரு! எப்படி வாரிகினு போகுது! பாறையத் தொட்டுடுச்சா?

— தொட்டுடுச்சி! நிக்குது, அதுக்கு மேல அரிக்கல! நேரா வாய்க்குள்ள விழுது நைனா! சத்தம் கேளுங்க!

— கேக்குது. இடியாட்டம் கேக்குது. குடி, தாயே. நல்லா குடி.

— விநாயக்கு தம்பி, ஓடிப் போயி கரைய எட்டிப் பாரு. தண்ணி எறங்குதா?

— எறங்குது அத்தை! ஏற்கெனவே ஒரு கை அளவு எறங்கிடுச்சி! கீழ பொங்கின மண்ணும் கம்மியாயிடுச்சி, நைனா. இப்ப லேசா தான் கசியுது. தெளிவா வருது.

— தெளிவா வருதா? நல்லா பாரு.

— தெளிவா தான். ஆய்த்து நைனா. தப்பிச்சோம்.

— எல்லம்மா, எதுக்கு அழற?

— சும்மா. அழக் கூடாதா? இத்தினி நேரம் அதுக்கு நேரம் கெடைக்கல.

— அழு. அழுதுட்டுப் போ.

— உன் லேக் வியூ போச்சே தம்பி.

— விடுங்க அத்தை. தண்ணியே பார்க்க வேணாம் போல இருக்கு.

— தோ, மறுபடியும் ஃபோனு. ஹலோ... ஆமா பவ்யா, வெட்டிட்டோம், தண்ணி சாஃப்ட்டுக்குள்ள போகுது. எல்லாரும் எப்படி இக்கறாங்க? ... நனையாம எப்படி இருப்பாங்க, ஒரு கூரைக்குள்ள அத்தினி பேரு... எந்த வண்டி? ... யாருதுன்னு தெரியலியா? ... இரு, கேட்டுச் சொல்றன்.

— இன்னா வண்டி?

— லைனு மொனையில ஒரு வேன் வந்து நிக்குதாம், பாலம் முழுகறதுக்கு முன்னயே இந்தாண்ட வந்தது போல. எவனோ எறங்கி ஊடுங்களப் பார்த்துகினு நிக்கறான். மேல இருக்கறவங்க எல்லாம் கொதிச்சிப் போயிக்கறாங்க. இப்பவே எறங்கணும், பூட்டு போட வந்துட்டாங்கன்னு. கொழந்தைங்க வேற நனைஞ்சி வெடவெடக்குதாம். எறங்கலாமான்னு கேக்கறா.

— எறங்கச் சொல்லு.

— பயமில்லியே அண்ணா?

— கண்ணால பார்த்த இல்ல? கரை தப்பிச்சிடுச்சி. தண்ணி பூமிக்குள்ள போகுது. இன்னும் ரெண்டு நாள் இதே மாதிரி ஊத்தினாலும் குடிக்கும். நான் சொல்றன், எறங்கச் சொல்லு. அவங்கவங்க ஊட்டுல போயி அடுப்பு பத்த வெக்கட்டும்.

— நான் எவனையும் நம்பாதவ. தெரியும் இல்ல?

— தெரியும்.

— உங்க கையால உங்க கரைய வெட்டினத பார்த்துட்டன். இன்னிக்கு ஒரு நாள் உங்கள நம்பறன். பவ்யா, எல்லாரும் எறங்குங்க. ஆமா, தாமோதரண்ணா சொல்லிட்டாரு. ஓடிப் போயி கதவத் தெறந்து உள்ள குந்துங்க. கொழந்தைக்குத் தலையத் தொவட்டு. பாக்கியவதி அக்காவ அவங்க ஊட்டுக்குள்ளயே எறக்கி விடச் சொல்லு.

— நைனா, வாங்க, அந்த மரத்துக்குக் கீழ குந்துங்க. நீங்க நிக்க முடியாம நிக்கறீங்க.

— இரு. கொஞ்ச நேரம் பார்த்துட்டு வரன். எத்தினி வருஷம் ஆச்சி இந்தக் குழி வேலை செஞ்சி.

— அத்தை, டிராலி பாதைக்குக் கீழ லைன்ல புகை வருது பாருங்க. அடுப்பு பத்த வெச்சிட்டாங்க. அந்த வேன் கூடத் திரும்பிப் போகுது.

— போகட்டும். எல்லாரையும் பார்த்ததும் ஓடறான் பாரு.

— நைனா, சாஃப்ட்டுல சத்தம் மாறுதே.

— கீழ் லெவலுக்குப் போயி சேருது. ஆழத்துல விழுந்தா சத்தம் மாறத்தான் மாறும். உனக்கு இன்னா தெரியும்? நீ ஒரு நாளாவது எறங்கியிருக்கியா?

— இல்ல நைனா. இப்ப இன்னும் சீக்கிரமா மாறுது.

— மாறட்டும் விடு. இன்னா எல்லம்மா, எதுக்கு அப்படி நிக்கற? அழுது முடிச்சாச்சி இல்ல? ஊட்டுக்குப் போ. உன் கொழம்பு ஆறிடும்.

— ரெண்டு பேரும் கொஞ்சம் பேசாம இருங்க. ஆழத்துக்குப் போற சத்தம் தூரமாப் போகணும் அண்ணா, இது கிட்ட வருது. தெனம் கொழாயடியில நிக்கறவ நானு, கொடம் கழுத்து வரைக்கும் ரொம்பினா தான் இந்தச் சத்தம் வரும்.